அம்பாசிடரில் டுவெல் என்றால் என்ன? பில்லர் கேஜ் இருக்கும்போது அதை ஏன் அளக்க வேண்டும்?

15 தௌ (அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு, 0.38 மி.மீ.) பில்லர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு, வைத்து பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) செட் செய்தும், ஐடிலில் ஒழுங்காக ஓடும் பெட்ரோல் அம்பாசிடர் எண்ணூர் விரைவுச் சாலையில் வேகமெடுத்தால் மிஸ் அடிக்கிறது என்கிறீர்கள். வண்ணாரப்பேட்டையில் மாமாவின் பட்டறையில் தொழில் பழகியவன் நான். இப்படி வரும் வண்டிக்கு அங்கே முதலில் பார்ப்பது டுவெல்தான்.

பாயிண்ட் மூடியிருக்கும்போது, ஸ்பார்க்குக்கு உயர் வோல்ட் தரும் காயிலில் கரண்ட் ஏறுகிறது, திறந்ததும் ஸ்பார்க் வருகிறது. ஸ்பார்க்கை நான்கு சிலிண்டருக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்றில் நான்கு ஸ்பார்க் தரவேண்டும். அப்படியானால் ஒன்றுக்கு 90 டிகிரி. அதில் பாயிண்ட் எத்தனை டிகிரி மூடியே இருக்கிறதோ அதுதான் டுவெல். லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டருக்கு 60, முன்பின் 3 டிகிரி போகலாம். வேறு மாடல் என்றால் அதற்கான அளவைப் பாருங்கள்.

3,000 ஆர்பிஎம்மில் ஒரு ஸ்பார்க்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 மில்லி செகண்ட்தான். டுவெல் 60 இருந்தால் காயிலுக்கு அதில் 6.7 கிடைக்கும், 45 ஆகிவிட்டால் வெறும் 5, ஸ்பார்க் பலவீனமாகி மிஸ் அடிக்கும். ஐடிலில் இதைப்போல் நான்கு மடங்கு நேரம் இருப்பதால் குறை வெளியே தெரியாது. உங்கள் வண்டியின் நோய் எனக்கு அப்படித்தான் படுகிறது.

சரி, கேஜ் 15 காட்டுகிறதே? ஓடிய பாயிண்டில் ஒரு பக்கம் குழி விழுந்து, எதிர்ப்பக்கம் முளை வளர்ந்திருக்கும். தட்டையான கேஜ் முளையில் இடித்து நிற்கும், குழியின் ஆழம் அதற்குத் தெரியாது. உண்மையான இடைவெளி அதிகம், அதனால் டுவெல் குறைவு. புதிய பாயிண்டுக்கு மட்டும் கேஜை நம்புங்கள்.

டுவெல் மீட்டர் இல்லையென்றால் டியூட்டி சைக்கிள் (மூடியிருக்கும் நேரத்தின் சதவீதம்) காட்டும் வண்டி மல்டிமீட்டர் போதும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வயர் போகும் முனையில் ஒரு கம்பி, பாடி எர்த்தில் மற்றொன்று. அந்த முனையில் 200, 300 வோல்ட் துள்ளும், வீட்டு ஒயரிங் பார்க்கும் மலிவு மீட்டரை வைக்காதீர்கள். எஞ்சின் ஓடும்போது வரும் சதவீதத்தை 0.9-ஆல் பெருக்குங்கள். 67 என்றால் 60 டிகிரி. சில மீட்டர் திறந்திருக்கும் பங்கைத்தான் காட்டும், 33 வந்தால் 100-இலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

டுவெல் குறைந்தால் இடைவெளியைக் குறைக்கவேண்டும், கூடினால் கூட்டவேண்டும். அப்புறம் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் வரும் நேரத்தை, கட்டாயம் திரும்ப வையுங்கள். டுவெல் ஒரு டிகிரி ஏறினால் டைமிங் கிராங்கில் ஏறக்குறைய ஒரு டிகிரி பின்தங்கும். டைமிங்கை முதலில் வைத்துவிட்டு டுவெல்லைத் தொட்டால் இரண்டு வேலையும் வீண்.

கடைசியாக, டிஸ்ட்ரிபியூட்டரில் செருகியிருக்கும் வேக்கூம் குழாயைக் கழற்றி முனையை அடைத்துவிட்டு, ஐடிலிலிருந்து 2,000 வரை ஏற்றிப் பாருங்கள். டுவெல் 3 டிகிரிக்கு மேல் ஆடினால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, எத்தனை புது பாயிண்ட் போட்டாலும் நிற்காது. புதுப்பேட்டையில் பழைய டிஸ்ட்ரிபியூட்டர் வாங்கப் போனால், காசு கொடுக்கும் முன் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.