பையை நிரப்புறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி
ஓவியம்: வாசகர் கேள்வி பதில்

அண்ணே, கம்பெனில ஷிப்ட் வேலை பாக்குறேன். லீவு நாள்ல காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் கலர் பண்ணணும்னு ரொம்ப நாளா ஆசை. வீடியோல எல்லாரும் ட்ரைபாட் மேல ஒரு மரப்பொட்டி மாட்டி அதுலதான் வரையறாங்க, போச்சாட் பாக்ஸ்னு பேராம். விலை பாத்தா பத்தாயிரத்துக்கு மேல போகுது. அது இல்லாம ஆரம்பிக்க முடியாதா?
– வாசகர், புதுவண்ணாரப்பேட்டை

தாராளமா ஆரம்பிக்கலாம் தம்பி, அந்தக் காசை இப்போதைக்கு தொடாதீங்க. பொட்டி நல்ல பொருள்தான், நின்னுகிட்டு ஆயில்ல வேலை செய்யறவங்களுக்கு ரொம்ப உதவி, ஈர போர்டை மூடிக்குள்ள சொருகிட்டு அப்படியே பஸ் ஏறிடலாம். ஆனா நீங்க ஆயிலா வாட்டர்கலரா குவாஷான்னே (வாட்டர்கலர் மாதிரிதான், ஆனா அடியில இருக்கறதை மறைக்கிற கெட்டி கலர்) இன்னும் எழுதல, அதுக்குள்ள பொட்டிக்கு கணக்கு போடறீங்க.

முதல்ல காசிமேட்டுல போய் எதை தெரிஞ்சுக்கணும்னு ஒரே ஒரு கேள்வியை மனசுல வச்சுக்கங்க, பையில என்ன போகணும்ங்கறதை அந்தக் கேள்வியே சொல்லிடும். வெளிச்சம் எங்க விழுது இருட்டு எங்க சேருதுங்கறதுதான் கேள்வின்னா ஒரு கருப்பு பேனாவும் போஸ்ட்கார்டு சைஸ் நோட்டும் போதும், கலரே வேணாம். படகோட கலர்தான் கேள்வின்னா சின்ன வாட்டர்கலர் டப்பா, ஒரு உருண்டை பிரஷ், ஒரு தட்டை பிரஷ், பழைய மாத்திரை டப்பால தண்ணி, பழைய காட்டன் வேட்டி துண்டு. ஆட்கள் நிக்கிற விதம், வலை இழுக்கிற விதம்தான் வேணும்னா பென்சில் மட்டும், ஏன்னா அவங்க உங்களுக்காக நிக்க மாட்டாங்க.

இங்கிலாந்துல ஜான் கான்ஸ்டபிள்னு ஒரு ஓவியர் 1821, 22ல ஹாம்ஸ்டெட் மேட்டுல உக்காந்து வானத்தையும் மேகத்தையும் மட்டும் ஆயில்ல போட்டுட்டே இருந்தார். மடியில ஒரு பெயிண்ட் டப்பா, அதோட மூடில பின் குத்தின பேப்பர், அவ்வளவுதான். இப்ப நாம வாங்குற டியூப் பெயிண்ட்டே அப்ப கிடையாது, ஜான் ராண்ட்னு ஒரு அமெரிக்க ஓவியர் 1841லதான் அதுக்கு காப்புரிமை வாங்கினார், அதுவரைக்கும் கொழச்ச பெயிண்ட்டை பன்னியோட மூத்திரப்பைல கட்டி வச்சிருப்பாங்க, வேணுங்கறப்ப குத்தி எடுப்பாங்க. டியூப் வந்ததும் வெளியில போறது ரொம்ப சுலபமாச்சுங்கறது உண்மை, ஆனா டியூப் இல்லாத காலத்துலயும் போனவங்க போனாங்க.

கொஞ்ச நாள் போன பிறகும் பொட்டி வேணும்னு தோணுச்சுன்னா செஞ்சுக்கலாம். 6 எம்எம் பிளைவுட்ல ரெண்டு பலகை, நடுவுல கீல், அடிப்பலகைல ஒரு நட்டு. கேமரா ட்ரைபாட் ஸ்க்ரூ கால் இன்ச், இன்ச்சுக்கு 20 மரை, அதை ஹார்டுவேர் கடைல சொன்னா எடுத்துக் குடுப்பாங்க, ட்ரைபாடையே கையில கொண்டு போயிட்டா இன்னும் நல்லது. மத்தியானம் ஆனா கடக்காத்து தூக்கும், அதனால ட்ரைபாட் நடுவுல தண்ணி பாட்டிலோட பையை தொங்க விட்டுடுங்க. அட்டை, நல்ல பேப்பர் எல்லாம் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல பாத்துட்டு வாங்கலாம், பேப்பர் கடைங்களுக்குப் பேர்போன தெரு அது.

ஸ்டடி பண்ணு, ஸ்டடி பண்ணுன்னு சார் சொல்லிட்டே இருக்கார். நான் வெளியில போய் போடறது எல்லாம் சின்ன சைஸ் பெயிண்டிங்காதான் வருது, வீட்டுக்கு வந்து அதை வச்சு பெருசா போட உக்காந்தா ஒண்ணும் ஓடல. ஸ்டடின்னா அப்ப என்னதான்?
– ஓவியக் கல்லூரி மாணவி, வியாசர்பாடி

உங்க சார் சொல்றது சரிதான்மா, ஆனா வெறும் 'பண்ணு'ன்னு சொன்னா யாருக்கும் புரியாது. குழம்பு கொதிக்கும்போது உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு உப்பு பாக்குறோம்ல, ஸ்டடியும் அந்த மாதிரிதான், அப்ப நாம தேடறது உப்பு ஒண்ணைத்தான், சாப்பாட்டை முடிக்கறதில்ல. நீங்க வெளியில போய் வானம், படகு, ஆளு, தண்ணி எல்லாத்தையும் ஒரே தாள்ல முடிச்சு கீழ கையெழுத்தும் போட்டுட்டு வர்றீங்கன்னு நினைக்கிறேன். அதுல எந்த ஒரு விஷயமும் முழுசா தெரிஞ்சிருக்காது, அதனாலதான் பெருசு பண்ணும்போது கை நிக்குது.

ஒரு உதாரணம் சொல்றேன், செஞ்சு பாருங்க. கிழக்குக் கடற்கரைல ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு எல்லாம் காசிமேட்டுல நெருக்கியடிச்சு நிக்கும், சிலதை கரையேத்தி சுரண்டி பெயிண்ட் அடிச்சிட்டிருப்பாங்க. படகுக்காரங்களுக்கு அது வருமானம் இல்லாத கஷ்டகாலம், அது மனசுல இருக்கட்டும், ஆனா வரையறவங்களுக்கு படகு அசையாம நிக்கிறது வருஷத்துல அப்பதான். கரையேத்தின ஒரு நீலப் படகோட வயித்துப் பக்கம் போய் உக்காருங்க. தூரத்துலேர்ந்து பாத்தா அடிப்பக்கம் கருநீலம்னு தோணும், கையும் நீலத்துல கருப்பு கலக்கத்தான் போகும். கிட்ட உக்காந்து கண்ணை பாதி மூடிப் பாருங்க. மேல் பக்கம் வானத்தைப் பாத்து இருக்கறதால குளிர்ந்த வெளிர் நீலம். வளைஞ்சு கீழ இறங்க இறங்க தரையில பட்ட வெயில் எகிறி அது மேல விழுது, அதனால அடிவயிறு கிட்டத்தட்ட பழுப்பு, சில இடத்துல செங்கல் கலர் கூட வரும். கீழ கடைசியில படகும் தரையும் தொடற இடத்துல மட்டும்தான் நிஜமான இருட்டு, அதுவும் ஒரு விரல் அகலத்துக்குத்தான். சுரண்டின இடத்துல பழைய பச்சை, அதுக்குக் கீழ அதுக்கும் பழைய சிவப்பு, ஆணித் தலைலேர்ந்து துரு ஒழுகின கோடு.

இதுல படகு வரையவே வேணாம். தாள்ல அஞ்சு கட்டம் போட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் மாறிட்டே வர்ற அஞ்சு கலரை மட்டும் கலக்கி நிரப்புங்க, ஒவ்வொண்ணும் பக்கத்து கட்டத்தை விட இருட்டா வெளிச்சமா, சூடா குளிர்ச்சியான்னு ஓரத்துல எழுதுங்க. அதுதான் ஸ்டடி. பாக்க அழகா இருக்காது, மாட்டி வைக்க முடியாது, ஆனா ஆறு மாசம் கழிச்சு பெரிய கேன்வாஸ் முன்னாடி நிக்கும்போது அந்த அஞ்சு கட்டம்தான் உங்களை காப்பாத்தும். கான்ஸ்டபிள் தன்னோட மேக ஸ்டடி பின்னாடி தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம்னு எழுதி வச்சிருக்கார், நீங்களும் எழுதுங்க.

நேரமும் முக்கியம். வலன்சியென்னுன்னு ஒரு பிரெஞ்சு ஓவியர் 1800ல வந்த தன் புத்தகத்துலயே சொல்லிட்டார், வெளிய ஒரு ஸ்டடிக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல உக்காராத, சூரியன் உதிக்கறது மறையறதுன்னா அரை மணிதான்னு. வெயில் நகர்ந்துடும், நீங்க ஆரம்பிச்ச நிழல் அங்க இருக்காது. பின்னாடி மோனேன்னு இன்னொரு பிரெஞ்சு ஓவியர் ரூவான் ஊர் கதீட்ரலை, அதாவது பெரிய சர்ச்சை, வரையும்போது வெளிச்சம் மாற மாற கேன்வாஸை மாத்திகிட்டே இருந்தார், ஒரே கட்டடம்தான், 30க்கு மேல பெயிண்டிங்.

பெருசா போடறதுக்கு வர்றேன். ஒரு ஸ்டடிலேர்ந்து நேரா பெரிய படத்துக்கு தாவாதீங்க. கலருக்கு ஒண்ணு, வெளிச்சம் இருட்டுக்கு ஒண்ணு, உருவத்துக்கு பென்சில்ல ரெண்டு மூணு, இதெல்லாம் மேஜைல பரப்பி வச்சுட்டு தீப்பெட்டி சைஸ்ல அமைப்பை மாத்தி மாத்தி போட்டுப் பாருங்க. கான்ஸ்டபிள் 1821ல காட்சிக்கு வச்ச 'தி ஹே வெய்ன்' படத்துக்கு சின்ன ஸ்டடிங்க தனி, அது போக அதே ஆறடி சைஸ்ல ஒரு முழு ஸ்கெட்சே போட்டுப் பாத்திருக்கார், ரெண்டும் இன்னிக்கும் லண்டன்ல இருக்கு. போன்ல போட்டோ எடுத்துக்கங்க, தப்பில்ல, கயிறு எங்க கட்டியிருக்கு ஜன்னல் எத்தனைன்னு பாக்க உதவும். கலருக்கு மட்டும் அதை நம்பாதீங்க, போன் நிழலை கருப்பாக்கும், வானத்தை வெள்ளையாக்கும், நான் மேல சொன்ன அந்த பழுப்பு அதுல இருக்கவே இருக்காது.

நீங்க படிக்கறது சென்னை அரசு கவின் கலைக் கல்லூரின்னா, அது 1850ல ஆரம்பிச்சது. அங்க முதல்வரா இருந்தவரும் 1966ல சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினவருமான கே.சி.எஸ். பணிக்கரும் ஆரம்பத்துல வெளிய போய் வாட்டர்கலர்ல நிலக்காட்சி போட்டவர்தான். லைப்ரரில அவரோட ஆரம்பகால படங்க இருந்தா தேடிப் பாருங்க.

தனியா உக்காந்து வரைய கூச்சமா இருக்கு சார், ரெண்டு நிமிஷத்துல கூட்டம் கூடிடுது. பொம்பளைங்க இப்படி உக்காரலாமான்னு வீட்லயும் கேக்கறாங்க. என்ன பண்ணட்டும்?
– வாசகி, திருவொற்றியூர்

உக்காரலாம்மா, உக்காரணும். வீட்ல சொல்ற பயத்துல பாதி நியாயமும் இருக்கு, அதனால ஆரம்பத்துல ஒரு தோழியோட போங்க, ஒருத்தர் வரையும்போது ஒருத்தர் பாத்துக்கலாம். முதுகுக்குப் பின்னாடி சுவர் இருக்கிற மாதிரி இடம் பிடிங்க, பின்னாடி நின்னு எட்டிப் பாக்க இடம் இல்லேன்னா கூட்டம் தானா குறையும். மடக்கு ஸ்டூல் ஒண்ணு வாங்கிக்கங்க, நின்னா எல்லார் கண்ணும் படும், உக்காந்தா பாதி பேருக்கு தெரியவே தெரியாது. டீக்கடை ஓரம் நல்ல இடம், ஒரு டீ சொல்லிட்டு கடைக்காரக்கா கிட்ட விஷயத்தை சொல்லிட்டா அப்புறம் அவங்களே உங்களுக்கு காவல்.

ஒண்ணு மறக்கக் கூடாது, அது அவங்க வேலை செய்யற இடம். விடியக்காலைல ஏலம் நடக்கும்போது வண்டியும் கூடையும் போற வழியில ஸ்டூல் போடாதீங்க, அந்த நேரத்துக்கு கையில சின்ன நோட்டு மட்டும் போதும். மீன் விக்கிற அம்மா முகத்தை வரையறதுன்னா முதல்ல ஒரு வார்த்தை கேளுங்க, வரைஞ்சதை காட்டுங்க. மூக்கு சரியில்லன்னு சொல்வாங்க, பெரும்பாலும் அவங்க சொல்றது சரியாவும் இருக்கும். பசங்க சுத்தி நின்னா ஒரு தாளும் பென்சிலும் குடுத்துடுங்க, அவங்களும் வரைய ஆரம்பிச்சிடுவாங்க. துறைமுக கேட் பக்கம் மட்டும் உக்கார வேணாம், அங்க மத்திய தொழில் பாதுகாப்புப் படை (சிஐஎஸ்எப்) காவல், கேள்வி வரும்.

மழைக்காலத்துல வாட்டர்கலர் காயவே மாட்டேங்குது, மே மாசத்துல பிரஷ் வைக்கறதுக்குள்ள காஞ்சிடுது. வழி இருக்கா?
– வாசகர், தண்டையார்பேட்டை

கடலோரம் இருக்கிற நமக்கு இது தீராத தொல்லைதான். ஐப்பசி கார்த்திகைல சைஸை பாதியாக்குங்க, தண்ணியை குறைங்க, இல்லேன்னா குவாஷுக்கு மாறிடுங்க, அதுல தண்ணி கம்மிதான் பிடிக்கும். பேப்பர் 300 ஜிஎஸ்எம்முக்கு (பேப்பரோட கனத்தை சொல்ற அளவு அது) கீழ வேணாம், மெல்லிசு அலை அலையா எழும்பிடும். டப்பாவை ஈரத்தோட மூடி வச்சா பூஞ்சை பிடிக்கும், வீட்டுக்கு வந்ததும் தொறந்து வச்சு காய விட்டுட்டு மூடுங்க. மே மாசத்துல ஆறு மணிக்கே போயிட்டு எட்டு எட்டரைக்குள்ள எழுந்துடுங்க, பேப்பரோட பின்பக்கமும் நனைச்சுட்டு போர்டுல ஒட்டினா கொஞ்சம் தாங்கும். எப்பவுமே பேப்பர் நிழல்ல இருக்கணும், நேர் வெயில்ல வச்சு போட்டா அங்க பளிச்சுன்னு தெரியும், வீட்டுக்குள்ள வந்து பாத்தா மொத்தமும் இருண்டிருக்கும். குடை வச்சா வெள்ளையோ கருப்போ வைங்க, சிவப்பு நீலக் குடைன்னா அந்த கலர் பேப்பர் மேல விழுந்து கண்ணை ஏமாத்திடும்.

துறைமுகத்தை விட்டா வடசென்னைல வேற எங்க போய் வரையலாம்?
– வாசகர், கொருக்குப்பேட்டை

ராயபுரம் ஸ்டேஷன். 1856ல தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பின இடம், அந்தத் தூண் வரிசைல நிழல் விழறதைப் பாத்து பெர்ஸ்பெக்டிவ், அதாவது தூரம் போகப் போக எல்லாம் எப்படி சின்னதாகுதுன்னு, கத்துக்கலாம். எண்ணூர் முகத்துவாரம் பக்கம் போனா பெரிய வானம், அகலமான தண்ணி, தூரத்துல புகைபோக்கிங்க, காத்துல தூசி புகை எல்லாம் கலந்து தூரம் எப்படி மங்குதுன்னு பாக்க அதை விட நல்ல இடம் தெரியல. அந்தப் புகையை அழகா மட்டும் வரையாதீங்க, அங்க இருக்கறவங்க அதைத்தான் சுவாசிக்கறாங்க.

இன்னொண்ணு, நம்ம கரை கிழக்கு பாத்தது. காலைல கடல் பக்கம் பாத்தா சூரியன் எதிர்ல, படகெல்லாம் இருட்டு உருவமா நிக்கும், உருவ ஸ்டடிக்கு அதுதான் நேரம். சாயங்காலம் மூணு மணிக்கு மேல வெயில் உங்க முதுகுப் பக்கமிருந்து வரும், படகோட கலர் எல்லாம் வெளிய வரும். எதுக்கு போறீங்களோ அதுக்கேத்த நேரத்துல போங்க.

ஆயில் பெயிண்ட்டை டர்பெண்டைனோட எலக்ட்ரிக் ட்ரெயின்ல கொண்டு போலாமா?
– வாசகர், எண்ணூர்

பெயிண்ட் டியூப் சரி, டர்பெண்டைன் வேணாம். தீப்பிடிக்கிற சாமானை ரயில்ல கொண்டு போறது சட்டப்படி குத்தம், கூட்டத்துல பாட்டில் உடைஞ்சா என்ன ஆகும்னும் யோசிங்க. ஸ்பாட்ல பிரஷ்ஷை துணில நல்லா துடைச்சு ஆளி எண்ணெய்ல முக்கி எடுத்தாலே அடுத்த கலருக்கு போயிடலாம், சோப்பு போட்டு கழுவறது வீட்ல. தண்ணில கரையற ஆயில் கலரும் கிடைக்குது, அதையும் பாருங்க. எண்ணெய் தோய்ஞ்ச துணியை மட்டும் சுருட்டி பையிலயோ குப்பைக்கூடைலயோ அடைச்சு வைக்காதீங்க, ஆளி எண்ணெய் காயும்போது சூடாகும், குவிச்சு வச்சா தானே பத்திக்கும். வீட்டுக்கு வந்ததும் மொட்டை மாடிக் கொடில ஒவ்வொண்ணா விரிச்சு காய விட்டுட்டு, விறைப்பா ஆன பிறகு தூக்கிப் போடுங்க.