பறவை மோதினால் விழுகிறவன்

அன்புள்ள சார்,

நலமா? விடுமுறைக்கு அக்கா மகன் என்னோடு வந்து தங்கியிருக்கிறான். 12 வயது. சின்ன வயதில் டிவி கேமில் நான் விளையாடிய நிஞ்சா கெய்டனைப் பற்றி அவனிடம் சொல்லிக்கொண்டே இருப்பேன். 1991-லேயே ஜப்பானில் அதை அனிமேஷன் படமாக எடுத்திருக்கிறார்கள் என்பது சமீபத்தில்தான் தெரிந்தது. ரசிகர்கள் யாரோ சப்டைட்டில் போட்ட பிரதியைத் தேடிப் பிடித்து இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். மொத்தமே 50 நிமிடம். பாதியில் அவன் எழுந்து போய்விட்டான். எனக்கும் ஏமாற்றம்தான். வரைந்த விதம் பழசு, கதை எங்கேயோ போகிறது, கேமில் நாம் ஓட்டிய கதாநாயகன் ரியூ ஹயபுசா மாதிரியே இல்லை. நான்தான் அதிகமாக எதிர்பார்த்துவிட்டேனோ? எப்படியும் அந்தக் கேமில் கதை ஒரு சாக்குதானே, அடிப்படையில் அது வெறும் டைம்பாஸ்தானே என்றும் தோன்றியது.

இப்போது செகிரோவையும் அனிமேஷனாக எடுக்கிறார்கள். கேமை நான் பாதியில் விட்டுவிட்டேன், ரொம்பக் கஷ்டம். கேமை முடித்துவிட்டுத்தான் படத்தைப் பார்க்க வேண்டுமா? மிச்சத்தை யூடியூபில் யாராவது விளையாடுவதைப் பார்த்தால் போதாதா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

2025-ல் வந்த நிஞ்சா கெய்டன்: ரேஜ்பவுண்டை விளையாடத் தொடங்கியதிலிருந்து எனக்கும் பழைய கேமின் நினைப்புதான். ஸ்பெயின்காரர்கள் செய்தது, அவ்வளவு பிரியத்தோடு செய்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

வரைந்த விதம் பழசு என்கிறீர்கள். 1991-ல் செல் என்கிற ஒளிபுகும் தாளில் கையால் வண்ணம் தீட்டி எடுத்த படம் அப்படித்தான் இருக்கும், எனக்கு அது பிடிக்கவும் செய்கிறது. கதை எங்கேயோ போகிறது என்றால், இரண்டாவது கேமுக்குப் பிறகு நடப்பதாகப் புதிதாக எழுதிய கதை அது, அதனால் போகிறது. இவை இரண்டும் பெரிய விஷயமில்லை.

ஆனால் டைம்பாஸ் என்று எழுதினீர்கள் பாருங்கள், அதைப் படித்ததும் நிஜமாகவே கோபம் வந்தது. கதை ஒரு சாக்கு என்று வேறு சொல்கிறீர்கள். க., நீங்கள் அந்தக் கேமை விளையாடியவர். இதை நீங்கள் சொல்லலாமா?

1988 டிசம்பரில் டெக்மோ நிறுவனம் அதை ஃபேமிகாம் என்ற டிவி கேம் பெட்டிக்கு வெளியிட்டது. இயக்கியவர் ஹிதெயோ யோஷிசாவா, நடுவில் வரும் கதைக் காட்சிகளை உருவாக்கியவர் மசாடோ காட்டோ, பின்னாளில் க்ரோனோ க்ராஸ் என்ற கேமை எழுதியவர் அவர்தான். அந்தக் கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 256 கிலோபைட். இன்று காலையில் உங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்து விழுந்த ரோஜாப்பூ குட்மார்னிங் படம் அந்த அளவு இருக்கும். அதற்குள் ஆக்ட் என்கிற 6 பெரும் பகுதிகள், 20 கட்டங்கள், இத்தனை எதிரிகள், இன்றும் முணுமுணுக்க முடிகிற அத்தனை இசை. இதெல்லாம் போக மிஞ்சுகிற இடத்தை இன்னும் நாலு கட்டங்களுக்கோ இன்னும் இரண்டு எதிரிகளுக்கோ கொடுத்திருக்கலாம். அவர்கள் கொடுத்தது கதைக்கு. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு, நடுவில் ஒரு முகம், காற்றில் அசைகிற தலைமுடி, மெதுவாக நகர்கிற பின்னணி, ஒவ்வோர் எழுத்தாக வந்து விழுகிற வசனம். இடம் இல்லாத இடத்தில் ஒருவன் எதற்கு இடம் ஒதுக்குகிறான் என்று பார்த்தாலே அவனுக்கு எது முக்கியம் என்று தெரிந்துவிடும். சாக்குக்காக யாரும் அப்படிச் செய்வதில்லை.

நாங்கள் விளையாடியது அரை மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற ஒரு கடையில். சுவரோரம் வரிசையாக டிவிகள். அங்கிருந்த கேசட் ஜப்பானிய எழுத்தில் ஓடும், ஒரு எழுத்து எங்களுக்குத் தெரியாது. பக்கத்து பேக்கரியில் வேலை பார்த்த ஒரு அண்ணன் கடை அடைக்கிற நேரத்தில் வருவார். எங்களைவிட ஏழெட்டு வயது பெரியவர், அதிகம் பேசமாட்டார். கதைக் காட்சி வந்ததும் ஸ்டார்ட்டை அழுத்தித் தாண்டிப் போவதுதான் எல்லோருக்கும் வழக்கம், காசு ஓடிக்கொண்டிருக்கிறதல்லவா. அந்த அண்ணன் மட்டும் ஒருநாளும் தாண்டமாட்டார். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு, கையை உதறிக்கொண்டு, முழுவதையும் பார்ப்பார். அவர் விளையாடும்போது நாங்களும் பின்னால் கூடிவிடுவோம், அவர் பார்க்கிறார் என்பதாலேயே நாங்களும் பார்க்கக் கற்றுக்கொண்டோம். நிலா வெளிச்சத்தில் புல்வெளியில் இருவர் எதிரெதிரே ஓடிவந்து பாய்கிறார்கள், ஒருவன் சாய்கிறான். பிறகு ரியூ ஒரு கடிதத்தைப் படிக்கிறான். விழுந்தது யார், கடிதம் யாருடையது, துப்பாக்கியோடு வருகிற அந்தப் பெண் நல்லவளா கெட்டவளா என்றெல்லாம் எங்களுக்குள் சண்டையே நடக்கும்.

கடைசி ஆக்டை அவர் ஒருநாள் தாண்டினார். அங்கே முகமூடி போட்ட ஒருவன் வருவான், அவனை வெட்டக் கூடாது, அவனை ஆட்டிவைக்கிற பொருளை உடைக்க வேண்டும். அது எங்களுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது, அதற்குள் எத்தனையோ முறை தோற்றிருந்தார். அன்று உடைந்தது. அடுத்த காட்சியில் ரியூவின் மேல் விழவேண்டிய அடியை அந்த மனிதன் குறுக்கே பாய்ந்து தான் வாங்கிக்கொண்டு விழுகிறான். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். எங்கள் கூட்டத்தில் இருந்ததிலேயே சின்னப் பையன் ஒருவன் சொன்னான், "டேய், அது அவங்கப்பாடா."

யாரும் எங்களுக்கு அதைச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை புரியாமல், பத்திருபது அசையாப் படங்களை வைத்து அந்தப் பையன் கண்டுபிடித்தான். சரியாகவும் கண்டுபிடித்தான்.

எப்படி முடிந்தது? படம் நன்றாக இருந்ததாலா? அதுவும்தான். ஆனால் அந்தப் படம் வருவதற்கு முன்னால் கை பட்ட பாடுதான் பெரிய காரணம் என்று இப்போது நினைக்கிறேன். ரியூ ஹயபுசா என்றதும் உங்கள் மனதில் வருவது என்ன? சுவரில் தொற்றிக்கொள்வான், வாளை வீசுவான், பனியன் படத்துக்கு ஏற்ற வீரன். அந்த 1988-ம் ஆண்டுக் கேமில் அவன் அப்படியில்லை. ஒரு பறவை மோதினால் பள்ளத்தில் விழுகிறவன். உயிர்க்கோட்டில் 16 கட்டங்கள் இருக்கும், அத்தனையும் நிறைந்திருந்தாலும் அந்தரத்தில் ஒரு பருந்து தொட்டுவிட்டால் பின்னால் தூக்கி எறியப்பட்டு நேராகக் குழிக்குள் போவான். எதிரியைக் கொன்றுவிட்டு, பயத்தில் ஓரடி பின்னால் வைத்தால் அதே எதிரி அதே விளிம்பில் மறுபடி நிற்பான். கடைசியில் வருகிற பெரிய எதிரிகளில் ஒருவனிடம் தோற்றால் அந்த வாசலில் விடமாட்டார்கள், ஆறாம் ஆக்டின் தொடக்கத்துக்கே துரத்துவார்கள். நம்மைவிட எந்த விதத்திலும் பலசாலியில்லாத ஒருவனை நாம் ஓட்டிக்கொண்டு போகிறோம், அவன் தவறுவதெல்லாம் நம் விரல் தவறியது, அவன் மேலே ஏறியதெல்லாம் நம் விரல் கற்றுக்கொண்டது. அவ்வளவு விழுந்து எழுந்த பிறகு கறுப்புப் பட்டைக்கு நடுவில் ஒரு முகம் வந்து நிற்கும்போது, அது அசைய வேண்டிய அவசியமே இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு பார்க்கிற கண்ணுக்கு அந்த ஒரு படம் போதும்.

அந்த 50 நிமிடப் படத்தில் இல்லாதது இதுதான். அதை எடுத்த மமோரு கான்பே சாதாரண ஆள் இல்லை, பின்னாளில் எல்ஃபென் லீட், ப்ராமிஸ்ட் நெவர்லேண்ட் அனிமேஷன் தொடர்களையெல்லாம் இயக்கியவர். படம் எடுக்கத் தெரியாமல் போனதல்ல. விபரீத உயிரியல் சோதனை செய்கிற ஒரு விஞ்ஞானி, அதைத் துப்பறிகிற நண்பர்கள், பின்னால் ஒரு தீயசக்தி என்று கதையைக் கட்டினார்கள், ரியூவைக் கதாநாயகனாக்கினார்கள், அவன் பாய்கிறான், வெட்டுகிறான், ஜெயிக்கிறான். அவன் விழுவானோ என்று ஒரு கணம்கூட நமக்குப் பயம் வரவில்லை. பயமில்லாத இடத்தில் எத்தனை ஆயிரம் படம் வரைந்து ஓட்டினாலும் என்ன? உங்கள் அக்கா மகன் எழுந்து போனது சரி. அவனுக்கு ரசனை இருக்கிறது, அதை அவனிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஜப்பானிய டிவி அனிமேஷனே பற்றாக்குறையில் வளர்ந்த கலை. 1963-ல் அஸ்ட்ரோ பாயை வாராவாரம் கொடுக்கவேண்டிய கட்டாயத்தில் அதை உருவாக்கிய ஒசாமு தெஸுகாவின் ஆட்கள் ஒரே படத்தை நிறுத்தி வைத்து, கேமராவை நகர்த்தி, வாயை மட்டும் அசைத்து ஒப்பேற்றினார்கள், அந்த ஒப்பேற்றலே பிறகு ஒரு அழகாக ஆகிவிட்டது. டெக்மோக்காரர்கள் கேசட்டுக்குள் செய்ததும் அதே வித்தைதான். அப்படிப்பட்ட கேம் அனிமேஷனாகவே மாறுகிறபோது அசைவைக் கூட்டினார்கள், அந்த நிதானத்தை விட்டுவிட்டார்கள். அந்த இரண்டு நிஞ்ஜாக்கள் நிலாவுக்குக் கீழே பாய்ந்த காட்சியைப் போல ஒன்றே ஒன்று அந்த 50 நிமிடத்தில் இருந்திருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன்.

கன்ட்ரோலர் கையில் இல்லாதவனுக்கு விழுகிற வலியை எப்படிக் கொடுப்பது என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. முடியாது என்பது உண்மையில்லை. 2017-ல் வந்த கேஸில்வேனியா அனிமேஷன் தொடரைப் பாருங்கள். அதுவும் பழைய கேம்தான், 1989-ல் வந்த மூன்றாம் பாகத்திலிருந்து எடுத்தது. அதில் ட்ரெவர் பெல்மான்ட்டை நாம் முதலில் சந்திப்பதே ஒரு சாராயக்கடையில், முட்டக் குடித்துவிட்டு ஊர்க்காரர்களிடம் உதை வாங்குகிறவனாக. பேய்களை வேட்டையாடுகிற வம்சத்தின் கடைசி ஆள் சாதாரண மனிதர்களிடம் அடி வாங்கித் தெருவுக்கு வருகிறான். அதற்குப் பிறகு அவன் சாட்டையை எடுக்கும்போது நமக்குப் பதறுகிறது, ஏனென்றால் இவன் தோற்கக்கூடியவன் என்று தெரிந்துவிட்டது. கேமில் எங்குமே அப்படியொரு காட்சி கிடையாது. ஆனாலும் கேமுக்கு உண்மையாக இருக்கிற காட்சி அது. கதையைக் காப்பி அடிக்க வேண்டாம், விழுகிறவனை விழ விடுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

செகிரோவுக்கு இது இன்னும் பொருந்தும். 2019-ல் ஃப்ரம்சாஃப்ட்வேர் செய்த அந்தக் கேம் தொடங்குவதே தோல்வியில்தான். கெனிச்சிரோ என்ற எதிரியிடம் கதாநாயகன் கையை இழக்கிறான், நீங்கள் எவ்வளவு திறமையாகச் சண்டை போட்டு அங்கே ஜெயித்தாலும் கை போகத்தான் போகிறது. செத்துச் செத்து எழுகிறவன் அவன். அந்தக் கேம் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு, நீங்கள் பாதியில் விட்டதாகச் சொன்னாலும் அதுவரை கட்டாயம் வந்திருப்பீர்கள். அவன் திரும்பத் திரும்பச் சாகும்போது சுற்றியிருப்பவர்கள் நோயில் விழுகிறார்கள். பாழடைந்த கோயிலில் மரச்சிற்பம் செதுக்கிக்கொண்டிருக்கிற கிழவர் இருமத் தொடங்குகிறார். நம் கைத்தவறுக்கான விலையை யாரோ ஒரு முதியவரின் நெஞ்சு கொடுக்கிறது. இதை அனிமேஷனில் அப்படியே கொண்டுவர முடியும், பார்வையாளனுக்குக் கன்ட்ரோலரே தேவையில்லை, அந்த இருமல் சத்தம் போதும். முழுக்கக் கையால் வரைந்து எடுக்கிறோம் என்று அறிவித்திருக்கிறார்கள், எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் நான் வாள்வீச்சின் அழகைப் பார்க்கக் காத்திருக்கவில்லை. அவனை எத்தனை முறை சாகவிடுகிறார்கள், அதற்கு யாரை இருமவிடுகிறார்கள் என்று பார்க்கத்தான் காத்திருக்கிறேன்.

முடித்துவிட்டுத்தான் பார்க்க வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு, பாருங்கள், எப்படி வேண்டுமானாலும் பாருங்கள். யூடியூபில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்பதை மட்டும் செய்யாதீர்கள். பல மாதம் பழகிய ஒருவன் ஒரு தவறு இல்லாமல் விளையாடுகிற வீடியோவைத்தான் நீங்கள் பார்ப்பீர்கள். அந்த 50 நிமிடப் படத்தில் எது இல்லையென்று ஏமாந்தீர்களோ அதுவே அதிலும் இருக்காது. இடது கட்டைவிரல் வலிக்கட்டும், கேமை மறுபடி எடுங்கள்.

அப்புறம் அந்தப் பையன். விடுமுறை முடிவதற்குள் பழைய நிஞ்சா கெய்டனை அவனுக்குப் போட்டுக் கொடுங்கள். பழைய கேம் தொகுப்புகளில் இன்றும் முறையாகவே கிடைக்கிறது. அவற்றில் தவறினால் சில விநாடி பின்னால் போய்த் திருத்திக்கொள்ள ரீவைண்ட் என்று ஒரு வசதி வைத்திருப்பார்கள். அதை அவனுக்குக் காட்டாதீர்கள், நீங்களும் தொடாதீர்கள். முதல் பருந்திடம் அவன் விழும்போது பக்கத்தில் இருந்து யோசனை சொல்லாமல் சும்மா இருங்கள். எந்த ஆக்ட் வரை போனான் என்று எனக்கு எழுதுங்கள்.