பெத்ரோ கோஸ்டாவின் லிஸ்பன்: கேள்வி பதில்

கேள்வி: போர்த்துகீசிய இயக்குநர் பெத்ரோ கோஸ்டாவின் படங்களை எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

பதில்: 1997இல் வந்த ‘ஓசோஸ்’, 2000இல் வந்த ‘இன் வாண்டாஸ் ரூம்’, 2006இல் வந்த ‘கொலோசல் யூத்’ என்ற வரிசையில் பாருங்கள். மூன்றும் லிஸ்பனின் விளிம்பில் இருந்த ஃபொன்டைன்யாஸ் என்னும் ஏழைக் குடியிருப்பின் மக்களைப் பற்றியவை. தயவுசெய்து கைபேசியில் பார்க்காதீர்கள். நிழலுக்குள் அவர் வைத்திருக்கும் முகங்கள் அதில் தெரியாது.

கேள்வி: அந்தக் குடியிருப்போடு அவருக்கு எப்படித் தொடர்பு ஏற்பட்டது?

பதில்: கடிதங்களால். 1994இல் வெளியான ‘காசா டி லாவா’ படத்தை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பாலுள்ள கேப் வெர்டி தீவுகளில் எடுத்து முடித்து அவர் ஊர் திரும்பும்போது, பிழைப்புக்காக லிஸ்பனுக்குப் போன தங்கள் உறவினர்களிடம் சேர்க்கும்படி அங்குள்ளவர்கள் கடிதங்களைக் கொடுத்தனுப்பினார்கள். அவற்றைச் சேர்க்கப் போனவர் அங்கேயே படமெடுக்கத் தொடங்கினார்.

கேள்வி: ‘ஓசோஸ்’ படத்துக்குப் பிறகு எளிமையான பாணிக்கு அவர் மாறியது ஏன்?

பதில்: ‘ஓசோஸ்’ 35 மி.மீ. படச்சுருளில், முழுப் படக்குழுவோடு எடுக்கப்பட்டது. அந்தக் குறுகிய சந்துகளில் இரவு முழுவதும் விளக்குகள் எரிந்ததால், விடியும் முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்களின் தூக்கம் கெட்டது. அதை உணர்ந்த கோஸ்டா விளக்குகளை அணைக்கச் சொன்னார். அடுத்த படத்துக்குச் சிறிய டிஜிட்டல் கேமராவோடு, பெரும்பாலும் தனியாளாக, அந்தக் குடியிருப்பில் வாழ்ந்த வாண்டா துவார்தேயின் அறைக்கு நெடுங்காலம் போய்வந்தார். வாண்டா கட்டிலில் அமர்ந்து ஹெராயின் புகைக்கிறார், இருமுகிறார், தங்கையோடு பேசுகிறார். வெளியே இயந்திரங்கள் வீடுகளை இடித்துக்கொண்டிருக்கும் ஓசை சுவர் வழியே கேட்டுக்கொண்டே இருக்கிறது. பணத்திலும் ஆட்களிலும் மிச்சம் பிடித்ததையெல்லாம் அவர் காலமாகச் செலவிட்டார் என்பதே என் துணிபு. அந்த எளிமை அண்டை வீட்டாருக்குத் தரும் மரியாதையிலிருந்து வந்தது.

கேள்வி: காட்சிகள் ஏன் இவ்வளவு மெதுவாக நகர்கின்றன?

பதில்: மேலே சொன்ன காரணமே இதற்கும் பொருந்தும்.

கேள்வி: வறுமையை ஓவியம் போல அழகாக்குவது சுரண்டல் இல்லையா?

பதில்: இதை நான் கடுமையாக மறுக்கிறேன். ‘கொலோசல் யூத்’ படத்தில், கேப் வெர்டியிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியான வென்டுரா, லிஸ்பனின் குல்பென்கியான் அருங்காட்சியகத்தில் ரூபன்ஸின் ஓவியத்துக்கு அருகே நிற்கிறார். காவலர் அவரை மெல்ல வெளியேற்றுகிறார். அந்த இடத்தைக் கட்டியதில் வென்டுராவின் உழைப்பும் உண்டு என்பதைப் படம் நமக்குச் சொல்கிறது. அழகு யாருக்கு உரியது என்று படமே கேட்கும்போது, ஏழையின் முகத்தில் நல்ல ஒளி விழக் கூடாது என்று நாம் சொல்வது எந்த வகையில் நியாயம்? அழுக்கும் மங்கலும் மட்டுமே உண்மை என்று நம்பும் விமர்சனம்தான் அவர்களை இழிவுபடுத்துகிறது.

கேள்வி (அதே வாசகர்): பரிசும் புகழும் இயக்குநருக்குத்தானே போகின்றன?

பதில்: 2019இல் அவருடைய ‘விட்டாலினா வரேலா’ படம் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ திரைப்பட விழாவில் தங்கச் சிறுத்தை விருதைப் பெற்றபோது, சிறந்த நடிகைக்கான விருது அதில் தன் பெயரிலேயே நடித்த விட்டாலினா வரேலாவுக்கே கிடைத்தது. கணவரின் அடக்கம் முடிந்து மூன்று நாள் கழித்து லிஸ்பன் வந்து சேர்ந்த தன் கதையைத் திரைக்கதையாக எழுதியதிலும் அவர் பங்கு பெற்றார். விருதால் ஒழுகும் கூரை சரியாகாது என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆயினும் தன் துயரத்துக்கான சொற்களைத் தானே தேர்ந்தெடுத்த ஒருவரைச் சுரண்டப்பட்டவர் என்று அழைப்பதற்கு முன், அவர் நடிப்பை ஒருமுறை முழுதாகப் பாருங்கள்.

கேள்வி: ‘கொலோசல் யூத்’ படத்தில் வென்டுரா திரும்பத் திரும்பச் சொல்லும் காதல் கடிதம் யாருடையது?

பதில்: எழுதத் தெரியாத நண்பன் லென்டோ தன் மனைவிக்கு அனுப்புவதற்காக, அவன் மனப்பாடம் செய்யும்வரை வென்டுரா அதைச் சொல்லிக்கொடுக்கிறார். புலம்பெயர்ந்தோர் எழுதிய கடிதங்களையும், பிரெஞ்சுக் கவிஞர் ரொபேர் டெஸ்னோஸ் 1944இல் நாஜி முகாமிலிருந்து எழுதிய கடிதத்தையும் இணைத்துக் கோஸ்டா அதை உருவாக்கினார். ‘காசா டி லாவா’விலும் அந்தக் கடிதம் வருகிறது.

கேள்வி: எந்தப் படத்தை முதலில் பார்க்கலாம்? பயணத்தின்போது கைபேசியில் பார்த்தால் போதுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கைபேசி வேண்டாம்.

கேள்வி: பிரேசிலின் ஃபவேலா (சேரி) படங்களோடு இவற்றை ஒப்பிட முடியுமா?

பதில்: பிரேசில் சினிமா என் துறை அன்று, அதைக் கற்றவரிடம் கேளுங்கள்.