குளிர்நீரில் ரீபிரீதர்: கேளுங்கள், சொல்கிறேன்

நார்வே ஏரிகளில் ஒன்பது குளிர்காலமாக ரீபிரீதரோடு, அதாவது விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும் டைவிங் கருவியோடு, இறங்கிவருகிறேன். வந்த கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொண்டேன்.

அருள்: ரீபிரீதரில் மூச்சுக்காற்று வெதுவெதுப்பாக வருமாமே? அப்படியானால் குளிருக்கு நல்லதுதானே அண்ணா?

பாதி சரி தம்பி. நாம் விடும் மூச்சு வெளியே போகாமல் உள்ளேயே சுற்றுகிறது. அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடை ஸ்க்ரப்பர் என்ற டப்பாவில் இருக்கும் சோடா லைம் (ஒருவகைச் சுண்ணாம்புக் குருணை) பிடித்துக்கொள்ளும்போது சூடும் ஈரமும் உண்டாகும். ஆனால் அந்த வினை ஒழுங்காக நடக்கவே சூடு வேண்டும். டப்பாவின் சுவர் சில்லிட்டால் ஓரத்தில் இருக்கும் சோடா லைம் மந்தமாகிவிடும். பிடிபடாத வாயு திரும்ப நம் நெஞ்சுக்கே வந்து சேரும்.

செல்வி: ஸ்க்ரப்பர் மூன்று மணி நேரம் தாங்கும் என்று கையேட்டில் இருக்கிறது. நம்பலாமா?

எந்தச் சோதனையில் வந்த கணக்கு என்று முதலில் பாருங்கள். ஐரோப்பாவின் ஈஎன் 14143 தரப்படி 4 டிகிரி தண்ணீரில், 40 மீட்டர் ஆழ அழுத்தத்தில், நிமிடத்துக்கு 1.6 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு செலுத்திப் பார்ப்பார்கள். அதைவிட ஆழம் போனாலோ, நீரோட்டத்தை எதிர்த்து உதைத்தாலோ நேரம் குறையும். நேற்றைய மிச்சத்தை இன்றும் ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கஞ்சத்தனத்துக்கு வேறு இடம் பாருங்கள். ராத்திரி கார் டிக்கியில் உறைந்துபோன சோடா லைமையும் கொட்டிவிடுங்கள்.

பிரபு: கார்பன் டை ஆக்சைடு ஏறினால் நமக்கே தெரிந்துவிடாதா?

தெரியும், ஆனால் தாமதமாக. எனக்கு ஒருமுறை 28 மீட்டரில் மூச்சு வாங்கியது. குளிர்தான் காரணம் என்று விட்டுவிட்டேன். பிறகு, அவசரத்துக்கென்று கூடவே கொண்டுபோன பெயில்அவுட் சிலிண்டருக்கு மாற வேண்டியதாயிற்று. அதற்கு மவுத்பீஸை வாயிலிருந்து எடுக்க வேண்டும். அந்த ஒரு நொடி மூச்சில்லாமல் இருக்க உடம்பு ஒப்பவேயில்லை! பற்களால் கடித்துக்கொண்டே இருந்தேன். அன்றிலிருந்து, வாயிலிருந்து எதையும் எடுக்காமல் திருப்பி மாற்றும் வால்வுதான் வைத்திருக்கிறேன்.

2014 பிப்ரவரியில் இங்கே புளூரா நீர்க்குகையில் பின்லாந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். ஆழம் 100 மீட்டருக்கு மேல். ஒருவர் குறுகலில் சிக்கிக்கொண்டார். அந்த ஆழத்தில் காற்று அடர்ந்திருக்கும், இழுத்து விடுவதே பாடு. பதறிப் போராடினால் உடம்பில் கார்பன் டை ஆக்சைடு மளமளவென்று ஏறும்.

நசீர்: மூன்று ஆக்சிஜன் சென்சார் இருக்கும்போது என்ன பயம்?

குளிரில் ஈரம் கோத்து இரண்டு சென்சார் ஒரேமாதிரி தப்புக் காட்டினால், சரியாகக் காட்டும் மூன்றாவதைக் கருவி ஒதுக்கிவிட்டு, தப்புக் கணக்கை நம்பி ஆக்சிஜன் விடும். ஆக்சிஜன் குறைந்தால் மூச்சு முட்டாது. நேரே மயக்கம்தான்.

மாலா: பெயில்அவுட் சிலிண்டரிலிருந்து வாய்க்குக் காற்றை அளந்து தரும் ரெகுலேட்டரே உறைந்துவிட்டால்?

உறையும். காற்று நிற்காமல் கொட்டி, சிலிண்டரைக் காலி செய்துவிடும். அதனால் மைனஸ் குளிரில் கரையில் நின்று ஊதிப் பார்க்காதீர்கள், தண்ணீருக்குள் தலை போனபின் சோதியுங்கள். இன்னொன்று: கையுறை போட்ட கையை ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, சிலிண்டர் வால்வைத் திருகிப் பாருங்கள். திருகவில்லையா, அன்றைக்கு டைவ் கிடையாது.