'குவைட் குட்' என்றால் பாராட்டா, குறையா?

லண்டன் அலுவலகத்துடன் இணைந்து பணிபுரியும் வாசகர் ஒருவர், தம் அறிக்கையைப் படித்த ஆங்கிலேய மேலாளர் 'குவைட் குட்' என்று மட்டும் பதில் எழுதியதாகவும், அதைப் பாராட்டாகக் கொள்வதா குறையாகக் கொள்வதா என்று விளங்கவில்லை எனவும் எழுதியிருக்கிறார். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்குத் தாமும் இத்தொடரை எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

பிரிட்டிஷ் வழக்கில், அறிக்கை ஓரளவு நன்றாக இருக்கிறது என்பதே இதன் பொருள். அது குறையன்று, ஆனால் மனம் நிறைந்த பாராட்டும் அன்று. இதையே ஓர் அமெரிக்கர் எழுதியிருந்தால், 'மிக நன்று' என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

'குவைட்' என்னும் ஒரே சொல் இப்படி இருவேறு அளவைக் குறிப்பதற்கு அதன் வரலாறே காரணம். ஓய்வு, அமைதி ஆகியவற்றைச் சுட்டிய 'குவியேட்டுஸ்' என்னும் லத்தீன் சொல், கடனிலிருந்தும் கடமையிலிருந்தும் விடுபட்ட நிலை என்ற பொருளோடு பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பாக்கியின்றித் தீர்ந்தது என்ற அந்தக் கருத்திலிருந்து, 14ஆம் நூற்றாண்டளவில் 'முழுவதுமாக' என்னும் பொருள் கிளைத்தது. (வேலையை விட்டு விலகுவதைச் சொல்லும் 'குவிட்' என்பதும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.) 'ஓரளவு' என்ற தளர்ந்த பொருள் பிரிட்டனில் பரவியதோ 19ஆம் நூற்றாண்டில்தான்.

புதிய பொருள் வந்தபின்னும் பழையது மறையவில்லை என்பதே இங்குள்ள சிக்கல். ஏற்ற இறக்கத்துக்கு இடமில்லாத 'இம்பாசிபிள்', 'ரைட்' போன்ற சொற்களுக்கு முன்னால் வரும்போது, பிரிட்டனிலும் அது 'முற்றிலும்' என்றே பொருள்படுகிறது. 'நாட் குவைட் ரெடி' என்றால் இன்னும் முழுமையாகத் தயாராகவில்லை என்று பொருள். 'குவைட் எ ஃபியூ' என்பதோ, சில என்று தோன்றினாலும், பல என்பதையே குறிக்கும். 'குட்', 'இன்ட்ரஸ்டிங்' போலக் கூடவும் குறையவும் இடமுள்ள சொற்களோடு சேரும்போதுதான் ஐயம் எழுகிறது. பேச்சில் அதையும் குரல் தீர்த்துவிடும்: ஆங்கிலேயர் 'குவைட்' மீது அழுத்தம் கொடுத்தால் பாராட்டு குறைகிறது, 'குட்' மீது கொடுத்தால் கூடுகிறது. மின்னஞ்சலில் அந்த அழுத்தம் தெரிவதில்லை.

ஆகவே, அறிக்கையில் எந்தப் பகுதியை மேம்படுத்தலாம் என்று மேலாளரிடம் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அந்தப் பதிலில் அவர் கருத்து தெளிவாகிவிடும். அமெரிக்கர்களுக்கு எழுதும்போது உங்கள் பாராட்டு சரியாகவே சென்று சேரும். ஆயினும் அக்கடிதம் லண்டன் அலுவலகத்தாரின் பார்வைக்கும் போகுமென்றால், 'வெரி குட்' என்று எழுதுவதே பாதுகாப்பானது.