போலீஸ் சான்றிதழ் முதல் அப்போஸ்டில் வரை: வெளிநாடு கிளம்பும் ஆசிரியர்களுக்குப் பதில்கள்

புதுச்சேரியில் ஆவணச் சான்று வேலை பார்க்கிறவன் நான். என் மேஜைக்கு வரும் காகிதங்களில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பள்ளிகளுக்குப் போகும் ஆசிரியர்களுடையது. கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வணக்கம் சார். ஓமானில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. போலீஸ் சான்றிதழ் அப்போஸ்டிலோடு வேண்டுமாம். எங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே இன்ஸ்பெக்டர் கையெழுத்தோடு நன்னடத்தைச் சான்று வாங்கிவிட்டேன். நோட்டரியும் போட்டாயிற்று. போதுமா? (நெய்வேலி)

போதாது மேடம். ஸ்டேஷனில் தருவதும் விசாவுக்குக் கேட்பதும் வேறு வேறு. அவர்கள் கேட்பது பாஸ்போர்ட் ஆபீஸ் தரும் போலீஸ் கிளியரன்ஸ் சர்டிபிகேட், சுருக்கமாக பி.சி.சி. பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பித்து 500 ரூபாய் கட்டி, நாள் குறித்துக்கொண்டு நேரில் போக வேண்டும். சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. தபால் நிலையங்களில் இயங்கும் பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் 2022 செப்டம்பர் 28 முதல் பி.சி.சி.க்கு விண்ணப்பிக்கலாம். உங்களுக்குக் கடலூர் மையமே போதும். ஒரிஜினல் பாஸ்போர்ட், அதன் முதல் கடைசிப் பக்க நகல், பள்ளி அனுப்பிய வேலைக் கடிதம் இவற்றை எடுத்துப் போங்கள். வீடு மாறியிருந்தால் இப்போதைய முகவரிக்கு ஒரு சான்றும் வேண்டும்.

நோட்டரி ஏன் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது நிறையப் பேருக்குக் குழப்பம். அப்போஸ்டில் உங்கள் நடத்தைக்கு நற்சான்று கிடையாது. 'இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட அதிகாரி உண்மையானவர்' என்று நம் வெளியுறவு அமைச்சகம் ஸ்டிக்கர் ஒட்டிச் சொல்வது, அவ்வளவுதான். அப்படிச் சொல்ல அந்தக் கையெழுத்து அமைச்சகத்திடம் பதிவாகி இருக்க வேண்டும். பாஸ்போர்ட் ஆபீஸ் அந்த அமைச்சகத்தின் கீழேயே இருப்பதால் அதன் பி.சி.சி. நேராக அப்போஸ்டிலுக்குப் போகும். உங்கள் ஊர் இன்ஸ்பெக்டர் கையெழுத்தை டெல்லிக்கு எப்படித் தெரியும்?

ஓமானில் அப்போஸ்டில் உடன்படிக்கை, அதாவது ஒரு நாட்டு அப்போஸ்டிலை மற்ற நாடு ஏற்கும் ஒப்பந்தம், 2012 முதலே நடைமுறையில் இருக்கிறது. இந்தியாவுக்கு அது 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதனால் அப்போஸ்டிலோடு வேலை முடிந்தது, தூதரக முத்திரை தேவையில்லை.

அபுதாபி பள்ளிக்குப் போகிறேன் அண்ணா. அங்கேயும் அப்போஸ்டில்தானா? என் டிகிரி சர்டிபிகேட் லேமினேட் செய்தது. (பண்ருட்டி)

ஐக்கிய அரபு அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லை. வழி நீளம் தம்பி. முதலில் பட்டம் தந்த மாநில அரசின் சான்று, பிறகு நம் வெளியுறவு அமைச்சக அட்டெஸ்டேஷன் (சான்று முத்திரை), பிறகு இங்குள்ள அமீரகத் தூதரகம், அங்கே போய் இறங்கியதும் அவர்கள் வெளியுறவு அமைச்சகம். பி.சி.சி.க்கு மாநிலப் படி மட்டும் கிடையாது, மற்றதெல்லாம் உண்டு. கத்தார், குவைத்தும் இந்த வகைதான். சவூதி 2022 டிசம்பரில் அப்போஸ்டிலுக்கு மாறிவிட்டது, அதனால் முன்னால் போன நண்பரின் அனுபவத்தைக் கேட்டு அங்கே ஏமாறாதீர்கள்.

லேமினேஷன் பெரிய தலைவலி. ஸ்டிக்கரும் முத்திரையும் காகிதத்தின் பின்பக்கம் ஏற வேண்டும், பிளாஸ்டிக்கின் மேல் ஏறாது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி உரித்துப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பிளாஸ்டிக்கோடு சேர்ந்து துணைவேந்தர் கையெழுத்தும் உரிந்து வந்த சர்டிபிகேட்டை நான் பார்த்திருக்கிறேன். பேசாமல் பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட் கேட்டு விண்ணப்பியுங்கள். நாளாகும், இன்றே ஆரம்பியுங்கள்.

பாஸ்போர்ட்டில் கடலூர் திருப்பாதிரிப்புலியூர் முகவரி. எட்டு மாதமாக லாஸ்பேட்டையில் வாடகை வீடு. எந்த முகவரி கொடுப்பது? பழையதையே கொடுத்தால் சுலபம் என்கிறார்கள்.

இப்போது எங்கே இருக்கிறீர்களோ அதைக் கொடுங்கள். கூடவே கடந்த ஒரு வருடத்தில் இருந்த பழைய முகவரியையும் எழுதுங்கள். எல்லையில் இருக்கும் முள்ளோடையைத் தாண்டினால் போலீஸே வேறு. ஒரு பக்கம் தமிழ்நாடு காவல்துறை, இந்தப் பக்கம் புதுச்சேரி காவல்துறை. விசாரணை இரண்டு இடத்துக்கும் போகலாம், அதனால் சற்றுத் தாமதமாகும். பழைய முகவரியை மட்டும் கொடுத்தால் அங்கே வரும் காவலரிடம் பக்கத்து வீட்டுக்காரர் 'அவங்க காலி பண்ணிட்டுப் போயி மாசக்கணக்காச்சே' என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். அறிக்கை பாதகமாகத் திரும்பும். வாடகை ஒப்பந்தமும் ஆதாரில் முகவரி மாற்றமும் முதலில் செய்துகொள்ளுங்கள்.

சார், எதை முதலில் செய்வது? எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏஜென்ட்டிடம் கொடுத்துவிடலாமா? (சிதம்பரம்)

எனக்குப் பிடித்த கேள்வி. பெரும்பாலானோர் கையில் முதலில் வருவதை முதலில் கொடுக்கிறார்கள். ஆன்லைனில் சுலபமாக இருக்கிறதே என்று பி.சி.சி.யை முதலில் வாங்கி வைத்துவிடுவார்கள். அது மூன்று மாதம் கோப்பில் தூங்கும். பிறகு டிகிரி அட்டெஸ்டேஷன் இழுக்கும். விசா போடும்போது பி.சி.சி. பழசாகிவிடும்.

டிகிரிக்கு வயதாகாது, போலீஸ் சான்றிதழுக்கு வயதாகும். பெரும்பாலான இடங்களில் ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும் என்கிறார்கள், சில பள்ளிகள் மூன்று மாதம் என்கின்றன. அதனால் டிகிரி, பி.எட். இரண்டையும் இன்றே தொடங்குங்கள். பி.சி.சி.யைக் கடைசியில் வாங்குங்கள். சேர வேண்டிய தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எப்போது விண்ணப்பிப்பது என்று தெரிந்துவிடும். வளைகுடாவில் சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும், பிரிட்டிஷ் பாடத்திட்டம் என்றால் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர்.

நம் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. டிகிரி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், பி.எட். புதுச்சேரிக் கல்லூரியில் என்று படித்தவர்கள் ஏராளம். ஒன்று தமிழ்நாடு அரசிடம் போகும், இன்னொன்று புதுச்சேரி அரசிடம். இரண்டையும் ஒரே உறையில் போட்டுச் சென்னைக்கு அனுப்பினால் ஒன்று திரும்பி வரும். தொலைதூரக் கல்வியில் படித்திருந்தால், அதைப் பள்ளி ஏற்குமா என்று பணம் செலவழிக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முத்திரை எல்லாம் சரியாக விழுந்த பிறகு 'நேரடிப் படிப்புதான் வேண்டும்' என்று சொல்லிவிட்டால் எந்த ஆபீஸும் உதவாது.

டிகிரியில் எஸ். கவிதா. பாஸ்போர்ட்டில் கவிதா சுந்தரமூர்த்தி. இருவரும் நான்தான்! (பாகூர்)

நமக்கு இனிஷியல் போதும், வெளிநாட்டு ஆபீஸருக்கு அது இரண்டு ஆள். பள்ளி டி.சி.யில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், அதை எடுத்து வையுங்கள். நோட்டரி முன் 'இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது' என்று ஒரு அபிடவிட் போட்டு, பள்ளிக்கு முன்கூட்டியே ஸ்கேன் செய்து அனுப்பி 'இது போதுமா' என்று கேளுங்கள். பி.சி.சி. எப்படியும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரிலேயே வரும். வேலை ஒப்பந்தமும் அதே பெயரில்தானா என்று பாருங்கள். அதை மாற்றுவதுதான் ஆக மலிவு.

நான் அமெரிக்கப் பாஸ்போர்ட், ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை வைத்திருக்கிறேன். அம்மா அப்பாவோடு முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க எஃப்.பி.ஐ. சான்றிதழ் அப்போஸ்டிலோடு கேட்கிறார்கள். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் போடுவார்களா?

போட மாட்டார்கள் தம்பி. சென்னையில் இருக்கும் நம் வெளியுறவு அமைச்சகக் கிளையும் போடாது. காகிதத்தை எந்த நாடு கொடுத்ததோ அந்த நாடுதான் அப்போஸ்டில் போடும். எஃப்.பி.ஐ. என்பது அமெரிக்க மத்திய அரசின் புலனாய்வு அமைப்பு, ஆகவே வாஷிங்டனில் உள்ள வெளியுறவுத் துறையின் சான்று அலுவலகம்தான் போட வேண்டும். நீங்கள் படித்த மாகாணத்தின் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பினால் வீண். டிகிரிக்கு மட்டும் மாகாணம். இந்த இரண்டையும் மாற்றி அனுப்பிவிட்டு வருகிறவர்கள் நிறைய.

எஃப்.பி.ஐ. சான்றுக்கு அனுப்பும் விரல்ரேகை அட்டையில் மை தெளிவாக விழ வேண்டும். உப்புக் காற்றிலும் வியர்வையிலும் நம் ஊரில் அது லேசில் நடப்பதில்லை. கையைக் கழுவித் துடைத்து, விரலை ஒரு பக்க நகத்திலிருந்து மறுபக்க நகம் வரை உருட்டச் சொல்லுங்கள், அழுத்தத் தேவையில்லை. ஒன்றுக்கு இரண்டு அட்டையாக எடுத்து இரண்டையும் அனுப்புங்கள். எஃப்.பி.ஐ. கட்டணம் 18 டாலர், அப்போஸ்டிலுக்கு ஆவணத்துக்கு 20 டாலர். அப்போஸ்டிலோடு சான்றிதழ் வந்து சேர்ந்ததும் ஜெராக்ஸ் எடுப்பதற்காக ஸ்டேப்ளர் பின்னைக் கழற்றிவிடாதீர்கள். பின்னைப் பிடுங்கிய தடம் இருந்தால் காகிதத்தைச் சந்தேகிப்பார்கள். தாளை மடித்தே நகலெடுங்கள். கொரிய விசாவுக்கும் ஆறு மாதக் கணக்குதான்.

பிரான்சில் பள்ளி ஒன்றில் ஆங்கில உதவி ஆசிரியராகப் போகிறேன். மரீன் வீதி பிரெஞ்சுத் துணைத் தூதரகத்திலேயே பி.சி.சி.க்கு முத்திரை வாங்கலாமா?

வாங்க முடியாது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகக் கேட்கிறீர்கள், புரிகிறது. இந்தியக் காகிதத்துக்கு இந்திய அப்போஸ்டில். பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் கேட்டால், அப்போஸ்டில் விழுந்த பிறகு மொழிபெயர்க்கக் கொடுங்கள். அப்போதுதான் அப்போஸ்டிலும் சேர்ந்து மொழியாகும்.

சீனாவும் இப்போது அப்போஸ்டில் நாடுதானே? (விருத்தாசலம்)

2023 நவம்பர் 7 முதல். ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அது செல்லாது. சீனத் தூதரக வழிதான்.

ஓமானுக்கு வாங்கிய பி.சி.சி.யை வைத்துப் பஹ்ரைனுக்குப் போகலாமா?

பி.சி.சி.யில் நாட்டின் பெயர் இருக்கும். புதிதாக வாங்குங்கள்.

அப்போஸ்டிலுக்கு வெளியுறவு அமைச்சகத்துக்கு நேராகப் போனால் காகிதத்தை வாங்க மாட்டார்களாம். ஏஜென்ட் ஒரு காகிதத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார். நியாயமா?

நேரில் வாங்குவதில்லை என்பது உண்மை. 2012 முதல் அமைச்சகம் அங்கீகரித்த சில நிறுவனங்கள் வழியாகத்தான் காகிதங்களை வாங்குகிறது, அந்தப் பட்டியல் அமைச்சகத் தளத்தில் இருக்கிறது. அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் வெறும் 50 ரூபாய், மேலே அந்த நிறுவனத்தின் சிறு சேவைக் கட்டணம். மற்றதெல்லாம் நடுவில் நிற்பவரின் கூலி. கூலி வாங்குவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், நானும் வாங்குகிறேன். மாநில அரசுச் சான்றுக்கு ஆள் அலைய வேண்டும், அதற்குக் கொடுக்கலாம். பி.சி.சி.க்கு அந்த அலைச்சலே இல்லாதபோது அதே தொகையை ஏன் கொடுக்க வேண்டும்? ஒவ்வொரு காகிதத்துக்கும் தனித்தனியாக ரேட் எழுதி வாங்குங்கள். ஒரிஜினலைக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள். திரும்ப வந்ததும் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அமைச்சகத் தளத்தில் தட்டிப் பார்த்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள்.

கல்லூரியில் படிக்கும்போது சாலை மறியலில் என் பெயரையும் சேர்த்து வழக்குப் போட்டார்கள். பி.சி.சி. கிடைக்குமா? (கடலூர் முதுநகர்)

வழக்கு முடிந்துவிட்டதா, நிலுவையா என்பதைப் பொறுத்தது. முதலில் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். அபராதம் கட்டி முடிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், கோர்ட்டில் அது தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு வக்கீலை வைத்து எஃப்.ஐ.ஆர். எண்ணைக் கொண்டு தேடி, முடிந்திருந்தால் தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்கி விண்ணப்பத்தோடு வையுங்கள். நிலுவையில் இருந்தால் போலீஸ் அறிக்கையில் அது வரும். படிவத்தில் 'வழக்கு இல்லை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அது தனிக் குற்றம். பள்ளிக்கு எப்போது, எப்படிச் சொல்வது என்பதை வக்கீலைக் கேட்டுச் செய்யுங்கள். அது என் வேலையில்லை.