சாய் யுன் முன்னால், ஃபூ ஹைஃபெங் பின்னால்

அன்புள்ள சார்,

சீனாவின் ஒற்றையர் ஆட்டக்காரர் லின் டான் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பேட்மின்டனின் ஐந்து தங்கத்தையும் சீனாவே அள்ளியதைச் சொல்லும்போது, ஆண்கள் இரட்டையரை மட்டும் ‘சாய் யுன் - ஃபூ ஹைஃபெங் ஜோடியும் வென்றது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு வருத்தம்தான். 2009ல் நான் ஹைதராபாத்தில் வேலையில் இருந்தேன். உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியை கச்சிபௌலி அரங்கில் உட்கார்ந்து பார்த்தவன். ஃபூ மேலிருந்து ஓங்கி அடித்த ஸ்மாஷின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு ஒலிம்பிக் தங்கம், நான்கு உலகப் பட்டம் வாங்கிய மனுஷனைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? ‘அவனுக்கு நல்ல பார்ட்னர் அமைந்தது அதிர்ஷ்டம், அவ்வளவுதான்’ என்கிறான் என் நண்பன். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு வாசகர் (பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொன்னது சரி, அந்த ஒரு வரி போதாது. லண்டனில் வந்த ஐந்து தங்கத்தில் சீனா மிக நீண்ட காலம் காத்திருந்து வாங்கியது அதுதான். 1992ல் பேட்மின்டன் ஒலிம்பிக்கில் சேர்ந்ததிலிருந்து ஆண்கள் இரட்டையர் தங்கம் கொரியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும்தான் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. சீன அணியின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் லி யோங்போவே ஒரு இரட்டையர் ஆட்டக்காரர், 1992 பார்சிலோனாவில் வெண்கலத்தோடு திரும்பியவர். மற்ற பிரிவுகளில் எத்தனை தங்கம் வந்தாலும் இந்த ஒன்று வராதது அவருக்கு உறுத்தலாகவே இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் நண்பருக்கு வருகிறேன். பார்ட்னர் அமைந்தது அதிர்ஷ்டம் என்கிறார். சரி, அதே பார்ட்னரோடுதானே 2008ல் சொந்த நாட்டில், பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் தோற்றார்? முதல் கேமை 21-12 என்று எளிதாக எடுத்துவிட்டு, அடுத்த இரண்டையும் 11-21, 16-21 என்று இந்தோனேசியாவின் மார்கிஸ் கிடோ - ஹென்ட்ரா செத்தியவான் ஜோடியிடம் விட்டார்கள். அப்போதே சாய் - ஃபூ ஜோடி 2006ல் மாட்ரிட்டில் உலக சாம்பியன்கள், அதற்கு முந்தைய வருடம் ஆல் இங்கிலாந்து போட்டியையும் வென்றவர்கள். அந்தத் தோல்விக்குப் பிறகு ஜோடி உடையவில்லை. 2009, 2010, 2011 என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டம், அதன்பிறகு லண்டனில் டென்மார்க்கின் மத்தியாஸ் போ - கார்ஸ்டன் மோகென்சென் ஜோடியை 21-16, 21-15 என்று வென்று தங்கம். சாய் யுன்னுக்கு அப்போது 32 வயது.

நீங்கள் நேரில் பார்த்த அந்த ஹைதராபாத் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கொரியாவின் ஜங் ஜே-சங், லீ யோங்-டே எதிரில். 21-18, 16-21, மூன்றாவது கேம் 28-26. 20-20 ஆன பிறகு மட்டும் பதினான்கு புள்ளிகள் ஆடியிருக்கிறார்கள், கேம் எவ்வளவு இழுத்தாலும் முடிந்துவிடும் 30 என்ற உச்ச வரம்பு இரண்டே புள்ளி தூரத்தில். உங்கள் காதில் நிற்பது ஃபூவின் ஸ்மாஷ், அதில் ஆச்சரியமில்லை. 2005ல் பெய்ஜிங்கில், நாடுகளின் அணிகள் மோதும் சுதிர்மான் கோப்பையில் அவர் அடித்த ஸ்மாஷ் மணிக்கு 332 கிலோமீட்டர் என்று பதிவாகி, பல வருடம் சாதனையாக இருந்தது. ஆனால் ஒரு ஸ்மாஷ் விழ வேண்டுமென்றால் முதலில் ஷட்டில் மேலே எழும்ப வேண்டும். அதை யார் எழுப்ப வைத்தது? சாய் யுன்தான். நெட்டிலிருந்து ஓரடி பின்னால், மட்டையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்து, முழங்கால் மடித்து நிற்பார். தட்டையாக எது வந்தாலும் நெட்டுக்கு மேலேயே வெட்டிவிடுவார். எதிரணிக்கு வேறு வழி கிடையாது, ஷட்டிலை உயரத் தூக்கி லிஃப்ட் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் பின்னால் ஃபூ ஏற்கனவே குதிக்கத் தொடங்கியிருப்பார். அந்த ஸ்மாஷும் திரும்பி வந்தால் மறுபடி முன்னால் சாய். எதிரில் இருப்பவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. கேமரா ஃபூ மேல் இருக்கும், புள்ளி பாதி முடிந்ததோ முன்னால் நிற்பவரின் மணிக்கட்டில்.

நான் காலையில் இரட்டையர் ஆடுகிறவன். பின்னால் நின்று அடிப்பவர்கள் எல்லோருக்கும் முன்னால் நிற்பவரை மறந்துவிடும் பழக்கம் உண்டு, எனக்கும் இருந்தது. எனக்கு முன்னால் நிற்பவர் ஒரு வாரம் வராமல் போனபோது, என் ஸ்மாஷுக்கு ஏற்ற ஷட்டில் ஒன்றுகூட எழும்பவில்லை. அன்றிலிருந்துதான் இந்த ஆட்டத்தைப் பார்க்கும் விதம் மாறியது.

அப்படியானால் எல்லாம் சாய் யுன்னால்தான், உங்கள் நண்பர் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் ரியோ ஒலிம்பிக் வருகிறது. லண்டனுக்குப் பிறகு சாய்க்கு வயது கூடிவிட்டது, ஃபூவுக்கு ஜாங் நான் என்ற புது ஜோடி. ஃபூவை விட ஆறேழு வயது இளையவர், அதற்குள் சாவ் யுன்லெயுடன் கலப்பு இரட்டையரில் லண்டன் தங்கம் வாங்கியவர். கலப்பு இரட்டையரில் பெரும்பாலும் பெண் நெட்டில் நிற்பார், ஆண் பின்னால் ஓடி அடிப்பார். அந்தப் பழக்கத்தில் ஊறிய ஒருவர் ஃபூவோடு சேரும்போது முன்னால் நிற்கப் பழக வேண்டும். ஃபூவும் சாயின் கணக்கை மறந்து இவர் எங்கே வெட்டுவார், எங்கே விடுவார் என்று புதிதாகக் கற்க வேண்டும். முப்பது வயதில் புதுக் கூட்டாளியோடு தொடங்குவது என்பது பேச்சுக்கு எளிது. காலையில் எழுந்து அதைச் செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

2016 ரியோ இறுதிப் போட்டியில் மலேசியாவின் கோ வீ ஷெம் - டான் வீ கியோங் முதல் கேமை 21-16 என்று எடுத்தார்கள். மலேசியா ஒலிம்பிக்கில் எந்த விளையாட்டிலும் தங்கம் வாங்காத நாடு, அந்த ஏக்கம் மொத்தமும் அவர்கள் தோளில். இரண்டாவது கேம் சீன ஜோடிக்கு 21-11. மூன்றாவது 23-21. ஃபூவுக்கு 32 வயது, லண்டனில் சாய்க்கு இருந்த அதே வயது. ஆண்கள் இரட்டையரில் இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் ஆள் அவர்தான், அதுவும் இரண்டு வெவ்வேறு கூட்டாளிகளோடு. இதற்கு மேல் உங்கள் நண்பருக்கு என்ன சொல்ல?

ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவில்லை. நீங்கள் ஹைதராபாத்தில் பார்த்த ஜங் ஜே-சங் 2018ல் 35 வயதில் இறந்துவிட்டார். பெய்ஜிங்கில் ஃபூவை வென்ற கிடோ 2021ல், பேட்மின்டன் ஆடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து, 36 வயதில் போய்விட்டார். அந்தக் கோர்ட்டுகளில் வலையின் இருபுறமும் நின்றவர்களில் இரண்டு பேர் இல்லை என்று நினைத்தாலே சங்கடமாக இருக்கிறது.

யாரும் பேசுவதில்லையே என்கிறீர்கள். ஒற்றையரில் ஒரு முகம், ஒரு கதை, சொல்வது எளிது. இரட்டையரில் இரண்டு பேருக்கும் இடையில் இருக்கும் இடைவெளியைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, பார்ப்பவர்களுக்கு அதற்குப் பொறுமை இல்லை. உங்கள் நண்பரை உட்கார வைத்து லண்டன் இறுதிப் போட்டியின் முதல் பத்து நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள். ஷட்டிலைத் தொடர வேண்டாம், சாய் யுன்னின் மட்டையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்